யோகாப்பியாசமும் உள்ளூர் ஆசிரியரும்

பொது வாழ்வில் இறங்கிய மனிதன் தன் தேகத்தைப் பற்றிக் கவலை கொள்வது ஒருவிதச் சுயநலம் என்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுநாளாக இருந்து வருகிறது. இரவெல்லாம் கூட்டம், விடியுமுன் பிரயாணம், நேரம் தவறிய சாப்பாடு, பசித்த போதெல்லாம் டீ, இவையே தொண்டனுக்கு அடையாளம் என்று பலர் கருதுகின்றனர். நாற்பது வயதில் இடுப்பு வலியும், அதற்குப் பின் இரத்த அழுத்தமும், ஐம்பதுக்குள் சர்க்கரை வியாதியும் வந்து சேர்ந்த பிறகே டாக்டரின் சொல்லுக்கு அவர்கள் செவி சாய்க்கிறார்கள். டாக்டர் கூறும் புத்திமதிகளுள் ஒன்று, "கொஞ்சம் யோகம் பழகிப் பாருங்கள்" என்பது.

புத்திமதி நல்லதே. அதை நிறைவேற்றும் வழியில்தான் பலர் தவறிவிடுகின்றனர். ஒருவர் புஸ்தகக் கடைக்குச் சென்று, படங்கள் நிறைந்த ஒரு நூலை வாங்கி வருகிறார். மற்றொருவர் கைபேசித் திரையில் யாரோ ஒருவர் எங்கிருந்தோ செய்து காட்டும் ஆசனங்களைப் பார்த்து, கூடத்தில் பாயை விரித்துத் தாமும் செய்ய முற்படுகிறார். வேறொருவர் ஜூன் மாதம் 21-ந் தேதி மைதானத்தில் ஆயிரம் பேரோடு சேர்ந்து கையையும் காலையும் நீட்டிவிட்டு, அடுத்த ஜூன் மாதம் வரையில் அதை மறந்திருக்கிறார். தம் ஊரிலேயே, நாலு தெரு தள்ளி, இருபது முப்பது வருஷமாகத் தாமும் பழகிப் பிறரையும் பழக்கி வருகிற ஓர் ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. அவ்வாசிரியரை நாடுவதே சரியான வழி என்பது நமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

உலகத்தின் அங்கீகாரம்

யோகத்தின் பெருமையை இனி வாதாடி நிலைநாட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை 2014-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, ஜூன் 21-ந் தேதியைச் சர்வதேச யோக தினமாக வகுத்தது. 2016-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம், மனித குலத்தின் கலாசாரச் செல்வங்களின் ஜாபிதாவில் யோகத்தையும் சேர்த்துக்கொண்டது. 2017-ல் அமெரிக்க வைத்தியர் கழகம் வெளியிட்ட வழிகாட்டி, நாட்பட்ட இடுப்பு வலிக்கு முதலில் மருந்தில்லாச் சிகிச்சைகளையே முயல வேண்டும் என்று கூறி, அவற்றுள் ஒன்றாக யோகத்தையும் குறிப்பிட்டது. முறையாகப் பழகுகிறவர்களுக்கு இறுகிய முதுகு இளகுவதும், மூச்சு நிதானப்படுவதும், தூக்கம் ஒழுங்குக்கு வருவதும் அநுபவத்தில் காணக்கூடியவை.

ஆனால், 'முறையாக' என்ற அந்த ஒரு சொல்லில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இருவர் ஒரே ஆசனத்தைச் செய்கிறார்கள். ஒருவருக்கு வலி தீர்கிறது, மற்றவருக்கு வலி பிறக்கிறது. ஆசனம் ஒன்றே, தேகங்கள் வேறு. இந்த வேற்றுமையைக் கண்டு சொல்லப் புஸ்தகத்துக்குக் கண் இல்லை. திரையில் தோன்றுபவரோ நம்மைப் பார்ப்பதில்லை.

நூல்கள் சொல்லாமல் விட்டது

நமது பழைய நூல்களை நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் இருநூறுக்கும் குறைவானவை. அவற்றுள் ஆசனத்தைப் பற்றி நேரே பேசுவன மூன்றே. ஆசனம் உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதற்கு மேல், காலை எங்கே வைப்பது, கையை எப்படி மடக்குவது என்று ஒரு வார்த்தையும் அங்கே இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்வாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை பதினைந்து ஆசனங்களை வர்ணிக்கிறது. அதுவும் மிகச் சுருக்கமாகவே. மூச்சை அடக்கும் வித்தையை அந்நூல் காட்டு மிருகங்களைப் பழக்குவதற்கு ஒப்பிட்டு, மெல்ல மெல்லச் செய்யாவிடில் செய்பவனுக்கே ஆபத்து என்று எச்சரிக்கிறது. தமிழில் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அஷ்டாங்க யோகத்தைப் பாடினார். அவர் பாடியதும் மந்திரச் சுருக்கமே.

எழுதத் தெரியாமல் இப்பெரியோர்கள் சுருக்கிவிடவில்லை. ஏட்டில் இருப்பதைத் தேகத்தில் ஏற்றி வைக்க ஓர் ஆசிரியர் பக்கத்தில் இருப்பார் என்று நம்பியே எழுதினார்கள் என்று கொள்வதுதான் பொருத்தமாகும். சங்கீதத்துக்கு ஸ்வரம் எழுதி வைத்திருக்கிறது. அதைப் பார்த்து மட்டும் எவரும் வித்துவானாகிவிடவில்லை. யோகமும் அத்தகையதே.

மைசூர் அரண்மனையில் ஓர் ஆசிரியர்

இக்காலத்தில் உலகெங்கும் பரவியுள்ள ஆசனப் பயிற்சியின் ஊற்றுக்கண்களில் ஒன்று மைசூரில் இருந்தது. 1888-ல் பிறந்த திருமலை கிருஷ்ணமாசாரியார், மகாராஜா நாலாவது கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், 1933-ல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தத் தொடங்கினார். அங்கே அவரிடம் கற்றவர்களில் மூவரை மட்டும் நோக்குவோம்.

பி. கே. எஸ். அய்யங்கார் 1918-ல் பிறந்தவர். மலேரியா, டைபாய்டு, க்ஷயம் ஆகிய நோய்களால் மெலிந்த பிள்ளையாக 1934-ல் மைசூருக்கு வந்தார். பட்டாபி ஜோயிஸ் திடகாத்திரமான இளைஞர். இந்திராதேவி என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற பெண்மணியோ 1899-ல் ரிகா நகரில் பிறந்தவர். 1937-ல் வந்து சேர்ந்தார். முதலில் அவரைச் சேர்த்துக்கொள்ளவே ஆசிரியர் மறுத்தார். இம்மூவரும் பின்னர் உலகத்துக்குக் கற்பித்த யோகம் ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாதபடி வேறுபட்டிருக்கிறது. ஜோயிஸ், மூச்சோடு இசைந்து விரைவாகத் தொடரும் ஆசன வரிசையைக் கற்பித்தார். அய்யங்கார் ஒவ்வோர் ஆசனத்திலும் நெடுநேரம் நிறுத்தி, எலும்பும் தசையும் நிற்கவேண்டிய இடத்தை அணு அணுவாகத் திருத்தினார். இந்திராதேவி அமைதியும் மென்மையும் கொண்ட முறையை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார்.

ஆசிரியர் ஒருவரே. மாணாக்கர் எதிரே வந்து நின்றபோது, இவருடைய வயது என்ன, வலிமை என்ன, நோய் என்ன என்று பார்த்தே அவர் கற்பித்தார். பின்னர் அவர் சென்னையில் குடியேறி, 1989-ல் நூறு வயது நிறைந்து மறையும் வரையில் அங்கேயே வாழ்ந்தார். சென்னையில் அவர் பெரும்பாலும் ஒரு சமயத்தில் ஒருவருக்கே கற்பித்து வந்தார். பிறரைவிட முறையைப் பெரிதாக எண்ணாமல், முறையைவிட மனிதனைப் பெரிதாக எண்ணிய அக்கொள்கையைப் பின்பற்றியே, இஞ்சினீயராயிருந்து யோகத்துக்குத் திரும்பிய அவருடைய குமாரர் தேசிகாசார் 1976-ல் கிருஷ்ணமாசார்ய யோக மந்திரத்தைச் சென்னையில் நிறுவினார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். "அய்யங்காரே 1966-ல் ஆங்கிலத்தில் ஒரு பெரும் நூல் எழுதினாரே; உலகமெல்லாம் அதைப் பார்த்துப் பழகவில்லையா?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆயினும் அந்நூலாசிரியரே புஸ்தகம் போதும் என்று ஓய்ந்துவிடவில்லை. 1975-ல் புனாவில் கலாசாலை அமைத்து, தமது கடைசிக் காலம் வரையில் மாணாக்கர்களின் நடுவே நின்று திருத்திக்கொண்டிருந்தார். குனிய முடியாதவருக்கு மரக்கட்டை, நிற்க முடியாதவருக்குக் கயிறு, முதியவருக்கு நாற்காலி என்று அவர் கண்டுபிடித்த உபகரணங்கள் யாவும், ஒரு குறிப்பிட்ட மனிதனின் கஷ்டத்தை நேரில் பார்த்ததால் பிறந்தவை.

நமக்குத் தெரியாத பிழை

ஆசிரியர் அப்படி என்னதான் பார்க்கிறார்? சில உதாரணங்கள் கூறுவோம்.

பத்மாசனம் எல்லோருக்கும் தெரிந்த இருப்பு. அதில் தொடை வெளிப்புறமாகத் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டில் நிகழ வேண்டும். நாற்காலியிலேயே வாழ்நாளைக் கழித்தவருக்கு இடுப்பு மூட்டு இறுகியிருக்கும். அவர் காலைப் பிடித்து இழுத்துத் தொடைமேல் ஏற்றினால், இடுப்பு திரும்பாத குறையை முழங்கால் ஏற்கிறது. முழங்காலோ கதவுக் கீல் போல் மடக்கவும் நீட்டவும் அமைந்தது; முறுக்குவதற்கு அமைந்ததன்று. சில மாதங்களில் முழங்கால் வலி தோன்றும். "யோகம் செய்தேன், முழங்கால் போயிற்று" என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். அநுபவமுள்ள ஆசிரியர் அவரைப் பார்த்த முதல் நாளே, "பத்மாசனம் இப்போது வேண்டாம், சம்மணமிட்டு உட்காரும், கீழே ஒரு மடித்த போர்வை போட்டுக்கொள்ளும்" என்று சொல்லியிருப்பார்.

பச்சிமோத்தானாசனத்தில் கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னே குனிய வேண்டும். கால் விரலைத் தொட்டுவிட வேண்டும் என்ற ஆசையால், இடுப்பிலிருந்து குனியாமல் முதுகை வில்லாக வளைத்து எட்டிப் பிடிப்பவரே அதிகம். விரல் அகப்பட்டுவிடும், அடி முதுகின் தட்டுகளோ நெருக்குண்ணும். செய்கிறவருக்கு இப்பிழை தெரியாது. தமது முதுகைத் தாமே பார்ப்பது எவருக்கும் இயலாத காரியம். பக்கத்தில் நிற்பவர் ஒரு நொடியில் கண்டுகொள்வார்.

சர்வாங்காசனத்தில் தேகத்தின் பாரம் தோளில் நிற்க வேண்டும். தோள் வளைந்து கொடுக்காதவருக்கு அது கழுத்தில் இறங்குகிறது. தோளின் கீழே மடித்த விரிப்புக்களை வைத்து, தலையை அவற்றுக்கு வெளியே தாழ விட்டால் கழுத்தின் சங்கடம் குறைகிறது. சிறு விஷயமே, ஆனால் எத்தனை மடிப்பு வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

இனி, கண்ணுக்கே புலப்படாத அபாயம் ஒன்று உண்டு. சென்னைச் சங்கர நேத்ராலயத்தின் வைத்தியர்கள், சிரசாசனம் பழகியவர்கள் 75 பேரைப் பரீட்சித்து, 2006-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். தலைகீழாக நிற்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரு மடங்கு உயர்வதாக அவர்கள் கண்டார்கள். அவ்வாசனம் பழகியவர்களிடையே கண் அழுத்த நோய் மிகுந்திருந்ததாக அவர்கள் காணவில்லை. ஆனால் கிளாக்கோமா என்னும் அந்நோய் முன்னமே உள்ளவருக்கு இவ்வளவு அழுத்தம் ஆகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நேரு தாம் சிறையில் சிரசாசனம் பழகியதை 1936-ல் வெளிவந்த தமது சுயசரிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். தலைவர் செய்தார் என்பதற்காகத் தொண்டர் யாவரும் தலைகீழாக நிற்கத் துணியலாகாது. நல்ல ஆசிரியர் அவ்வாசனத்தைக் கற்பிக்குமுன், "கண் எப்படி? இரத்த அழுத்தம் எவ்வளவு? கழுத்தில் வலி உண்டா?" என்று கேட்பார். திரை எதையும் கேட்பதில்லை.

தேச பக்தர் தேடிய ஆசிரியர்

பிராணாயாமத்துக்கும் தியானத்துக்கும் ஆசிரியரின் தேவை இன்னும் அதிகம். இதற்கு நமது தேசிய சரித்திரத்திலேயே சிறந்த உதாரணம் இருக்கிறது. ஸ்ரீ அரவிந்த கோஷ் பரோடாவில் வேலையிலிருந்த காலத்தில், ஒரு நண்பரிடம் விதிகளைக் கேட்டுக்கொண்டு, தினந்தோறும் மணிக்கணக்காகப் பிராணாயாமம் செய்து வந்தார். பின்னர் அரசியலில் மூழ்கவே, பழக்கம் ஒழுங்கு தவறிற்று. 1907 டிசம்பரில் சூரத்தில் காங்கிரஸ் பிளவுபட்டதை யாவரும் அறிவர். அந்தக் கொந்தளிப்பு அடங்குமுன், 1908 ஜனவரியில், அவர் பரோடாவில் விஷ்ணு பாஸ்கர் லேலே என்னும் மகாராஷ்டிர யோகியைக் கண்டு, அவருடன் ஓர் அறையில் மூன்று நாள் தனித்திருந்து உபதேசம் பெற்றார். அம்மூன்று நாளில் மனம் சலனமற்ற அமைதியை அடைந்ததாக அவரே கூறியிருக்கிறார். அதன் பிறகு மீண்டும் மேடையேறிப் பிரசங்கங்கள் செய்தார்.

லேலே நாடறிந்த பெயர் பெற்றவரல்லர். ஐரோப்பியக் கல்வியில் தலைசிறந்து, இந்தியாவெங்கும் புகழ் பரவியிருந்த ஒருவர், தமக்கு வேண்டிய ஒரு வித்தையை அதில் தேர்ந்தவரிடம் கேட்டுக்கொள்ள வெட்கப்படவில்லை. பல வருஷம் தனித்துச் செய்தும் கிட்டாதது, தக்கவர் அருகில் இருந்தபோது மூன்று நாளில் கிட்டிற்று. ஓயாத வேலையையும் மனக் கொதிப்பையும் சாக்காகச் சொல்லும் நமது ஊழியர்கள் இதைச் சிந்திப்பார்களாக.

உள்ளூர் என்பதன் பொருள்

ஆசிரியர் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்பவர்களிலும் பலர், உள்ளூரில் இருப்பவரை அற்பமாக எண்ணி, வெகு தூரத்தில் இருக்கும் பெரிய பெயரைத் தேடிப் போகிறார்கள். நூற்றுக்கணக்கானவரோடு மூன்று நாள் முகாமில் உட்கார்ந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நாலாம் நாள் தோளில் வலி கண்டால் யாரைக் கேட்பது?

உள்ளூர் ஆசிரியர் நாலாம் நாளும் அங்கேயே இருக்கிறார். நம் தொழில் அவருக்குத் தெரியும். குழித்தறியில் கால் தொங்கவிட்டுக் குனிந்தே நெய்பவருக்கு மார்பு விரியும் ஆசனங்கள் வேண்டும். நாள் முழுதும் நின்று கற்பிக்கும் உபாத்தியாயருக்குக் கால்களைச் சுவர்மேல் சாய்த்துப் படுக்கும் ஓய்வு வேண்டும். பஸ் ஓட்டுகிறவருக்கு இடுப்பும் பின்தொடையும் இளக வேண்டும். ஊரின் வெயிலும், சாப்பிடும் நேரமும், திருவிழாவும் அறிந்தவர், "சித்திரையில் விடியுமுன் வாரும்; வயிறு காலியாக இருக்கட்டும்" என்று சொல்வார். இரண்டு நாள் வராவிட்டால் வீதியில் கண்ட இடத்தில் காரணம் கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு அஞ்சியே பழக்கத்தை விடாமல் காத்தவர் பலர். யோகத்தின் பலன் பெரும்பாலும் விடாமையில்தான் இருக்கிறது.

தமிழ் நாட்டில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-ல் பிறந்த வேதாத்திரி மகரிஷி (மறைவு 2006), எளிய முறை உடற்பயிற்சியையும் தியானத்தையும் வகுத்தார். அவற்றைக் கற்பிக்க ஊர்தோறும் மனவளக்கலை மன்றங்கள் எழுந்தன. அவற்றில் கற்றுக்கொடுப்பவர்கள் அந்தந்த ஊர்க் குடித்தனக்காரர்களே. அவருடைய தத்துவத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். வித்தையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது.

தக்கவரை அறிவது

இவ்வளவு கூறியதால், யோகம் கற்பிப்பதாகப் பலகை மாட்டியவர் யாவரையும் குருவாக வணங்க வேண்டும் என்று நாம் சொல்வதாகக் கொள்ளலாகாது. அரைகுறையாகக் கற்றவரும் உண்டு. பக்தியைப் பணமாக்குபவரும் உண்டு. பெயர் பெற்ற ஆசிரியர்களும் தவறுவதுண்டு. மைசூரில் பொதுமக்கள் முன் காட்சி நடத்துவதற்காக அவசரமாகச் செய்த ஆசனங்களால் தமக்கு நேர்ந்த காயங்களைப் பற்றி அய்யங்காரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். ஆகவே சில அடையாளங்களைக் கவனிக்க வேண்டும்.

நல்ல ஆசிரியர் கற்பிக்குமுன் கேட்பார்: வயது, தொழில், பழைய காயம், சாப்பிடும் மருந்து. தம்மால் செய்ய முடிந்ததைக் காட்டி மயக்காமல், நம்மால் செய்யத்தக்கதைக் காட்டுவார். மூச்சுத் திணறினால் நிறுத்தச் சொல்வார். கும்பகம் என்னும் மூச்சடக்கத்தை முதல் மாதத்திலேயே தொடங்கமாட்டார். "வலிக்கிறது" என்றால் அதட்டாமல் ஆசனத்தை மாற்றுவார். சம்மதமின்றி மேலே கை வைக்கமாட்டார். சர்க்கரை வியாதிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடு என்று ஒருநாளும் சொல்லமாட்டார்; அப்படிச் சொல்பவரிடமிருந்து அன்றே விலகிவிடுவது உத்தமம். தாம் யாரிடம் எவ்வளவு காலம் கற்றார் என்பதைக் கேட்டால் கோபியாமல் சொல்வார். உள்ளூரில் இவற்றை விசாரிப்பது எளிது. அவரிடம் கற்றவர் நமது அண்டை வீட்டுக்காரராகவே இருப்பார்.

நமது கடமை

கடைசியாக ஒரு வார்த்தை. நாற்பது வருஷம் ஒரு சிறு கூடத்தில் விடியற்காலையில் பத்துப் பேருக்குக் கற்பித்துவிட்டு, கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு வாழும் ஆசிரியர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு விளம்பரம் செய்யத் தெரியாது. அவர்களுடைய கூடங்கள் மெல்ல மெல்லக் காலியாகி வருமானால், அந்த அநுபவம் அவர்களோடே போய்விடும். இளைஞர் எவரும் பின்னால் நின்று கற்றுக்கொள்ளாத வித்தை ஒரு தலைமுறையில் அழியும். பிற நாட்டார் யோகம் கற்க நம் தேசத்துக்கு வருகிறார்கள்; நாமோ பிற நாட்டுப் பாயை விரித்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதைவிடப் பரிதாபம் வேறு வேண்டுமா?

பஞ்சாயத்தார் ஓர் அறை ஒதுக்கலாம். தொழிற்சங்கத்தார் காலையில் சும்மா கிடக்கும் தங்கள் மண்டபத்தைத் திறந்துவிடலாம். வாசகசாலைகள் வாரம் இருமுறை வகுப்பு வைக்கலாம். கற்பவர்கள் ஆசிரியருக்கு உரிய சம்பளத்தைத் தர்மம் என்று எண்ணாமல் கடனாக எண்ணிக் கொடுக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஸர்க்காரின் உத்தரவு வேண்டியதில்லை. மாநாடும் தீர்மானமும் வேண்டியதில்லை.

பிறர் துன்பத்தைத் துடைக்கப் புறப்பட்டவனுக்கு நெடுங்காலம் நிற்கக்கூடிய முதுகெலும்பு அவசியம். ஆகையால், நாளை காலையில் கைபேசியைத் தேடுமுன், நம் ஊரில் விடியுமுன் விளக்கெரியும் அந்தக் கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரிப்போமாக.